பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் தமிழ் மாணாக்கரும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிறந்து, தமிழ்மொழி வாயிலாகப் பதின்மூன்று ஆண்டுகள் கற்று, உயர்தரப் பரீட்சையிற் சிறப்புற்றுப் பல்கலைக்கழகம் புகும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். பௌதிகத்திலோ பொருளியலிலோ அவன் எவர்க்கும் பின்னிற்பவனல்லன். ஆயினும், அங்குச் சென்ற தொடக்க நாட்களிலேயே ஆங்கில வினாத்தாளொன்று அவன்முன் வைக்கப்படுகின்றது. அதில் ஒரு பகுதி இலக்கணம். மற்றொரு பகுதி வாசித்து விளங்கல். நேற்றுவரை வகுப்பில் முதல்வனாயிருந்தவன் அன்று கடைசி வரிசையில் வைத்தெண்ணப்படுகின்றான். அறிவிற் குறைந்தமையாலன்று, அறிவை வெளிப்படுத்தும் கருவி கைவராமையால் நேர்ந்தது அது. இவ்விழுக்கு நேராவண்ணம் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் நெறி யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நிலை உருவான வகை

நம்மவர்க்கும் ஆங்கிலப் பரீட்சைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1857 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் நடாத்திய முதலாவது பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய பெருமை, யாழ்ப்பாணத்தவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் அவர்தம் ஆசிரியர் கரோல் விசுவநாதபிள்ளைக்கும் உரியது. வட்டுக்கோட்டைச் செமினரியில் அவர்கள் பெற்ற ஆங்கிலக் கல்வியே அதற்கு அடித்தளமாயிற்று. அக்காலத்து ஆங்கிலம் ஒரு தனிப்பாடமாக மட்டும் நில்லாது, ஏனைய பாடங்களுக்கும் வாயிலாக விளங்கிற்று. 1921 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும், 1942 இல் அதன் வழித்தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதுவே நிலை. ஆங்கிலம் அறியாதார் அவ்வாயிலை அணுகவும் இயலாதாகலின், உட்புகுந்தாரை மீண்டும் ஆங்கிலத்திற் சோதிக்கும் தேவை பெரிதாக எழவில்லை.

1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வியமைச்சராயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால், பொருளற்றார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்விக்கூடத்தின் கதவு திறந்தது. தாய்மொழி வாயிலான போதனை கீழ்வகுப்புக்களிலிருந்து படிப்படியாக மேலேறி, 1960 அளவிற் பல்கலைக்கழகக் கலைத்துறையையும் எட்டிற்று. இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. தாய்மொழியிற் சிந்திப்பவன் ஆழமாகச் சிந்திப்பான். எனினும், விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளில் உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்ந்து வருகின்றது. கலைத்துறையிலும் மேற்கோள் நூல்களிற் பெரும்பாலன ஆங்கிலத்திலேயே உள. ஆகவே, முன்னர் வாயிலாயிருந்த மொழி இன்று தனியே சோதிக்கப்படும் பாடமாயிற்று. 1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம், தமிழையும் அரசகரும மொழியென வகுத்து, ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்று குறித்தது. அதனாலும் இதன் தேவை மிகுந்ததேயன்றிக் குறைந்ததில்லை.

உயர்தர மாணாக்கருக்குப் பொது ஆங்கிலம் என்னும் வினாத்தாள் உண்டு. ஆனால் அதிற் பெறும் புள்ளி பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்காத பாடத்தை மாணாக்கர் புறக்கணித்தல் இயல்பு. அப்புறக்கணிப்பின் கடனைப் பல்கலைக்கழகத்திற் புகுந்தபின் வட்டியுடன் இறுக்க நேர்கின்றது.

தேர்ச்சிப் பரீட்சையின் இயல்பு

பரீட்சை இருவகைப்படும். கற்பித்ததைக் கற்றானா என நோக்குவது ஒன்று. கற்பித்தது எதுவாயினும் இன்று இவனால் இயல்வது யாது என நோக்குவது மற்றொன்று. முன்னையதைப் பேற்றுப் பரீட்சை என்றும் பின்னையதைத் தேர்ச்சிப் பரீட்சை என்றும் கூறலாம். வரலாற்றுப் பாடத்திற்குப் பாடநூலும் எல்லையும் உண்டு. தேர்ச்சிப் பரீட்சைக்கோ எல்லையில்லை. அதனால், முன்னைய வினாத்தாள்களின் விடைகளை மனனஞ் செய்து செல்வோன் அங்குத் திகைத்து நிற்பான்.

இத்தகைய பரீட்சைகளின் வரலாற்றில் 1913 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், பிறமொழியாளருக்கென ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ்ப் பரீட்சையைத் தொடக்கினர். மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதல், உரையாடல் எனப் பன்னிரண்டு மணிநேரம் நீண்ட அப்பரீட்சைக்குத் தோற்றியோர் மூவர், சித்தியெய்தியவர் எவருமிலர். ஆங்கிலப் பரீட்சையில் ஒருமுறை தவறியமைக்காக மனமொடிந்திருக்கும் மாணாக்கர் இச்செய்தியை நினைவிற் கொள்க. தவறுதல் ஆற்றலின்மைக்கு முடிந்த முடிபான சான்றாகாது.

இலக்கணப் பகுதி

ஆங்கில இலக்கணத்தை நம் மாணாக்கர் முற்றிலும் புதியதொரு காடாகக் கருதி அஞ்சுகின்றனர். தமிழ் இலக்கணம் ஓரளவேனுங் கற்றவன் அக்காட்டினுட் பல வழிகளை முன்னரே அறிந்தவனாவான். இதனைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குவாம்.

ஆங்கிலத்திற் பெயருக்கு முன்வரும் 'ஏ', 'ஆன்' என்னும் சுட்டிடைச் சொற்களை எடுத்துக்கொள்வோம். மெய்யொலிக்கு முன் 'ஏ'யும் உயிரொலிக்கு முன் 'ஆன்' என்பதும் வரும். நாமும் 'ஒரு மரம்' என்றும் 'ஓர் ஊர்' என்றும் எழுதுகின்றோமன்றோ? இரண்டும் ஒரே நெறி. ஆங்கிலத்திற் கவனிக்கவேண்டுவது எழுத்தையன்று, ஒலியை. பல்கலைக்கழகத்தைக் குறிக்குஞ் சொல் உயிரெழுத்தில் தொடங்கினும், யகர மெய்யொலியுடன் ஒலிப்பதால் 'ஏ யூனிவேர்சிற்றி' என்றே வரும். 'ஒரு யானை' என்று நாம் கூறுதல் போல. மணிநேரத்தைக் குறிக்குஞ் சொல்லில் முதலெழுத்து ஒலியாதாகலின் 'ஆன்' வரும்.

'த' என்னும் சுட்டு நமக்கு இன்னும் அரியதாகத் தோன்றும். தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. ஆனால் நேரான உணர்வு உண்டு. 'நூல் வாங்கினேன்' என்பதற்கும் 'நூலை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்திக்க. முன்னையதில் எந்த நூல் என்ற வரையறை இல்லை. பின்னையதில், பேசுவோனும் கேட்போனும் அறிந்த நூல் குறிக்கப்படுகின்றது. இரண்டாம் வேற்றுமையுருபு தொக்கு நிற்குமிடத்துப் பெரும்பாலும் 'ஏ புக்' என்பதும், விரிந்து நிற்குமிடத்து 'த புக்' என்பதும் பொருந்தும். எல்லா இடத்திற்கும் இவ்விதி செல்லாது. செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயர்க்கு மட்டுமே இது துணைசெய்யும். எனினும், வரையறுத்த பொருள், வரையறாப் பொருள் என்னும் பாகுபாட்டை இவ்வழியாக உணர்ந்தவன் ஏனையிடங்களிலும் அதனைத் தேடக் கற்றுக்கொள்வான்.

அடுத்து, வேற்றுமை. நன்னூலார் எட்டு வேற்றுமை வகுத்தார். நமது உருபுகள் பெயருக்குப் பின் ஒட்டி நிற்பன. ஆங்கில உருபிடைச் சொற்கள் பெயருக்கு முன் தனித்து நிற்பன. இடம் மாறினும் தொழில் ஒன்றே. இடர் விளைப்பது யாதெனின், ஒன்றுக்கு ஒன்று எனப் பொருத்த முயல்வதேயாம். 'மேசையில்', 'வீட்டில்', 'யூன் மாதத்தில்' என நாம் 'இல்' என்னும் ஓருருபால் முடிக்குமிடத்து, ஆங்கிலத்தில் மேசைக்கு 'ஒன்' என்பதும், வீட்டிற்கு 'அற்' என்பதும், மாதத்திற்கு 'இன்' என்பதும் வரும். வினைச்சொற்களிலும் இவ்வாறே. 'பாட்டைக் கேட்டான்' என நாம் இரண்டாம் வேற்றுமை கொள்வதால், நம் மாணவன் 'லிஸின்' என்ற வினைக்குப்பின் 'ரு' என்னுஞ் சொல்லை விட்டுவிடுகின்றான். 'அதைப்பற்றி விவாதித்தோம்' என நாம் கூறுவதால், 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப்பின் வேண்டாத 'அபவுற்' என்பதைச் சேர்த்துவிடுகின்றான். ஆகவே, ஆங்கில வினையைத் தனியே கற்றல் போதாது. அது தன்பின் எதனை ஏற்கும் என்பதையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு பரீட்சகர் பெரிதும் விரும்பும் இடமாகும். தமிழ் வினையோ திணை, பால், எண், இடம் யாவற்றையும் தன் விகுதியிற் காட்டும். ஆங்கில வினை நிகழ்காலத்திற் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் 'எஸ்' எழுத்தை ஏற்கும். இத்துணை எளிய விதியில் ஏன் தவறு நேர்கின்றது? 'நூல்களின் பட்டியல் நீண்டது' என்னும் தமிழ் வாக்கியத்தில் எழுவாயாகிய 'பட்டியல்' பயனிலைக்கு அணித்தாய் நிற்கின்றது. ஆங்கிலத்திலோ 'த லிஸ்ற் ஒவ் புக்ஸ்' எனத் தலைமைப்பெயர் முன்னே சென்றுவிட, பன்மைச் சொல்லாகிய 'புக்ஸ்' வினைக்கு அருகில் வந்து நிற்கின்றது. காதில் இறுதியாக விழுந்த பன்மையை நம்பி, 'இஸ்' என எழுதவேண்டிய இடத்தில் 'ஆர்' என எழுதிவிடுகின்றோம். தலைமைப்பெயர் எது என ஒருமுறை தேடிப் பார்ப்பின் இத்தவறு அகலும்.

காலங்காட்டலிலும் ஒரு நுட்பம் உண்டு. 'அவன் நேற்று வந்திருக்கிறான்' என்பது தமிழில் வழுவன்று. ஆங்கிலத்திலோ நேற்று என்பது போன்ற முடிந்த காலத்தைக் குறிக்குஞ் சொல் வருமாயின் 'ஹாஸ் கம்' என்பது வாராது. 'கேம்' என்னும் தனி இறந்தகாலமே வரும். முடிந்த காலச்சொல் இருக்கின்றதா என முதலில் நோக்கி, அதன்பின் வினையைத் தேர்தல் நன்று.

வாசிப்புப் பகுதி

இலக்கணத்திற் பிழையின்றி எழுதுவோரும் வாசிப்புப் பகுதியிற் புள்ளி இழக்கின்றனர். இதற்குக் காரணங்கள் மூன்று: வாக்கிய அமைப்பு, சொல், நேரம்.

'சென்ற ஆண்டு கொழும்பில் நடைபெற்ற கண்காட்சியிற் பரிசு பெற்ற ஓவியத்தை வரைந்த மாணவன் வந்தான்' என்னும் வாக்கியத்தைத் தமிழர் இடர்ப்பாடின்றி விளங்கிக்கொள்வர். பெயரெச்சங்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வந்து, இறுதியில் மாணவனும் அவன் வினையும் அருகருகே நிற்கின்றன. இதனையே ஆங்கிலத்தில் அமைப்பின், வரிசை தலைகீழாகும். மாணவன், வரைந்தமை, ஓவியம், பரிசு, கண்காட்சி, கொழும்பு, சென்ற ஆண்டு என்று சென்று, ஈற்றிலேயே 'வந்தான்' என்பது வரும். எழுவாய் ஓரிடத்திலும் அதன் வினை நெடுந்தொலைவிலும் நிற்க, இடையில் 'ஹூ', 'விச்', 'தற்' என்பன தலைப்பட்ட கிளைவாக்கியங்கள் அடைத்து நிற்கும். நம் மாணவன் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டு சென்று நடுவழியிற் பொருளை இழக்கின்றான். அதற்கு மாற்று யாதெனின், நீண்ட வாக்கியத்தைக் கண்டவுடன் கிளைவாக்கியங்களைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் இட்டு, எஞ்சிய எழுவாயையும் முதன்மை வினையையும் இணைத்துப் படித்தலாகும். சில கிழமைகள் இவ்வாறு பழகின், பென்சிலின்றியே கண் அவ்வேலையைச் செய்யும்.

சொல்லைப் பொறுத்தவரை, தமிழ்மொழி வாயிலாக விஞ்ஞானங் கற்றவனுக்கு ஒரு மறைந்த செல்வம் உண்டு. நம் கலைச்சொற்கள் பல ஆங்கிலச் சொல்லின் உறுப்புக்களைப் பிரித்து ஆக்கப்பட்டவை. 'போட்டோசிந்தசிஸ்' என்பதை ஒளித்தொகுப்பு என்றோம். ஒளிக்கு 'போட்டோ', தொகுப்புக்கு 'சிந்தசிஸ்'. வெப்பமானி 'தேர்மோமீற்றர்', பாரமானி 'பரோமீற்றர்'. 'மானி' வருமிடத்து 'மீற்றர்' வருகின்றது. இவ்வுறுப்புக்களை அறிந்தவன், முன்பின் காணாத சொல்லையும் ஓரளவு ஊகிக்கலாம். அதனினும் இன்றியமையாதவை இணைப்புச் சொற்கள். 'ஓல்தோ', 'அன்லெஸ்', 'ஹவெவர்' ஆகியன சிறு சொற்களாயினும் பத்தியின் போக்கைத் திருப்பும் சுக்கானாவன. அரிய பெயர்ச்சொல் ஒன்று தெரியாவிடின் ஓர் அடி விளங்காது. இணைப்புச் சொல் ஒன்று தெரியாவிடின் பத்தி முழுதும் மாறுபட விளங்கும்.

வினாக்களில் வைக்கப்படும் பொறிகளையும் அறிதல் வேண்டும். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார் என்று மட்டுங் கூறும் பத்தியொன்று தரப்பட்டதாகக் கொள்வோம். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தமையாலேயே தேயிலை நாடெங்கும் பரவிற்று என்பது விடைகளுள் ஒன்றாகத் தரப்படலாம். அது வரலாற்றில் உண்மை. ஆயினும் பத்தியில் இல்லாதது. பத்தி யாது கூறுகின்றது என்றே வினா கேட்கின்றது; நாம் யாது அறிவோம் என்றன்று. அறிவு மிகுந்த மாணவனே இப்பொறியில் எளிதில் வீழ்கின்றான். இன்னொன்று, அளவு குறிக்குஞ் சொற்கள். பத்தியில் 'சில', 'கூடும்' என்றிருக்க, விடையில் 'எல்லாம்', 'எப்போதும்' என மாற்றப்பட்டிருக்கும். மழை குறைந்தமை விளைச்சல் குன்றியதற்குக் காரணமாயிருக்கலாம் என்பதும், அதுவே காரணம் என்பதும் ஒன்றல்ல.

இனி நேரம். அறுநூறு சொற்கள் கொண்ட பத்திகள் மூன்றும் வினாக்கள் முப்பதும் அறுபது நிமிடத்தில் முடிக்கற்பாலன எனக் கொள்வோம். நிமிடத்திற்கு அறுபது சொல் வாசிப்போனுக்கு வாசிப்பிலேயே முப்பது நிமிடம் கழியும். வினாவொன்றுக்கு ஒரு நிமிடமே எஞ்சும். நூறு சொல் வாசிப்போன் பதினெட்டு நிமிடத்தில் முடித்து, எஞ்சிய நாற்பத்திரண்டு நிமிடத்தை வினாக்களுக்கு ஈவான். வினாக்களை முதலிற் பார்த்துவிட்டுப் பத்தியினுட் புகுதலும், பத்திகளின் முதல் வாக்கியங்களை விரைந்து நோக்கித் தலைமைக் கருத்தை உணர்தலும் இவ்விரைவுக்குத் துணையாம்.

பயிற்சிக்கு ஒரு நெறி

பரீட்சைக்கு மூன்று திங்கள் இருப்பதாகக் கொண்டு ஓர் ஒழுங்கை ஈண்டுத் தருகின்றோம். முதலாவது, பிழைக் கொப்பி ஒன்று வைத்துக்கொள்க. பயிற்சியில் நேர்ந்த ஒவ்வொரு பிழையையும், அதன் திருத்தத்தையும், தமிழில் அதனை எவ்வாறு கூறுவோம் என்பதையும் மூன்று நிரல்களாக எழுதுக. ஒரு திங்களில் தெரியவரும் உண்மை யாதெனின், நாம் செய்யும் பிழைகள் நூறல்ல. ஏழெட்டுப் பிழைகளையே நூறுமுறை செய்கின்றோம் என்பதாம். அவற்றை நேர்நின்று களைதல், இலக்கண நூலை முதற்பக்கத்திலிருந்து படித்தலினும் விரைந்து பயன் தரும்.

இரண்டாவது, நாடோறும் ஒரே செய்தியை இரு மொழியிலும் வாசிக்க. வீரகேசரியிலோ தினக்குரலிலோ வாசித்த செய்தியை அன்றைய டெய்லி நியூஸ் பத்திரிகையிற் காண்க. பொருள் முன்னரே தெரிந்தமையால், கவனம் முழுதும் மொழியமைப்பிற் செல்லும். இதற்குப் பெருஞ்செலவில்லை. வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச்சங்கத்து நூலகமும், 1925 இல் அமைந்த கொழும்புப் பொது நூலகமும் பேருந்தில் எளிதிற் சென்றடையத்தக்க தொலைவிலேயே உள்ளன. மூன்றாவது, கிழமைக்கு ஒருமுறை மணிக்கூட்டை முன்வைத்து ஒரு முழு வினாத்தாளைச் செய்க. செய்தபின், தவறிய விடைகளை மட்டுமன்றிச் சரியான விடைகளையும், அவை ஏன் சரியாயின எனக் காரணங்கூறிப் பார்க்க. காரணங்கூற இயலாத விடை தற்செயலாகக் கிட்டியதேயாம்.

ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் பாடசாலைகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்தும், ஒருவர் கற்பிக்கும் இலக்கணத்தை மற்றவர் அறிவதில்லை. வேற்றுமையையும் பெயரெச்சத்தையும் எழுவாய் பயனிலை இயைபையும் இருவருஞ் சேர்ந்து, கிழமைக்கு ஒரு பாடவேளையிலாயினும், இருமொழியையும் ஒப்பிட்டுக் கற்பிப்பின், பொருள் கொடுத்துத் தனிவகுப்புச் செல்ல இயலாத மாணவனுக்கு அதுவே பேருதவியாகும். ஆங்கிலம் வழங்கும் இல்லத்துப் பிள்ளைக்கும் அஃது வழங்காத இல்லத்துப் பிள்ளைக்கும் இப்பரீட்சை ஒரே அளவுகோலையே நீட்டுகின்றது. தொடங்கும் இடம் ஒன்றல்லாதபோது, பின்னிற்பவனுக்குக் கைகொடுத்தல் கல்லூரியின் கடன். பழைய மாணவரின் கடனும் அதுவே.

முடிவுரை

நம் நாட்டுப் பல்கலைக்கழக மாணாக்கரிடையே ஆங்கிலத்திற்கு வழங்கும் பெயர் 'கடுவ' என்பது. வாள் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். அதனையே தலைப்பாக்கி, ஆங்கிலம் அதிகாரத்தின் படைக்கலமாக நின்ற வகையைத் திரு கந்தையா என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1984 இல் ஆராய்ந்தெழுதினார். அறிவுடைய மாணவனை அவையில் வாய்திறவாது அமரச் செய்வது அவ்வாள். அதற்கஞ்சி ஆங்கிலத்தை வெறுத்தொதுக்குவோரும் உளர். அதனைக் கைக்கொண்டபின் தமிழை மறந்தொழிவோரும் உளர். இருவர் நெறியும் நமக்கு வேண்டா.

முதற் பட்டதாரியாகிய தாமோதரம்பிள்ளை, பிற்காலத்தில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏடுகளினின்றும் மீட்டு அச்சேற்றினார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகிய விபுலானந்த அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகி, யாழ்நூலையும் இயற்றினார். ஆங்கிலத்தில் தேர்ந்தமை அவர்களைத் தமிழினின்றும் பிரிக்கவில்லை. தமிழுக்குத் தொண்டாற்றும் ஆற்றலைப் பெருக்கிற்று. இப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணாக்கர் இதனை நெஞ்சிற் கொண்டு, தாம் கற்ற தமிழிலக்கணத்தையே துணையாகப் பற்றி, நாடோறும் சிறிது சிறிதாக முயல்வாராயின், வினாத்தாளின் முன் தலைகுனிய நேராது. பல்கலைக்கழகத்தின் கடைசி வரிசையில் மௌனமாய் அமர்ந்திருக்கும் நம் மாணவன் எழுந்து ஒரு வினா வினவும் நாளே இம்முயற்சியின் பயன் கைகூடிய நாளாகும்.